ஆறு பட்டன் கீபோர்டு

குப்புராஜுக்கு ஒரு பழக்கம் உண்டு. நன்றாக ஓடுகிற டிசைனை அப்படியே விட்டுவைக்க மாட்டார். குறை சொல்லவும் முடியாது, அந்தப் பழக்கம்தான் அவருக்குச் சோறு போட்டது. ஆரணியில் பட்டுச்சேலைக்கு பார்டர் வரைகிறவர். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தவர், தொண்ணூற்றெட்டில் கம்ப்யூட்டர் வாங்கி அதிலேயே வரைய ஆரம்பித்தார். போன தீபாவளிக்கு வந்த மயிலை இந்தத் தீபாவளிக்கும் கொண்டுபோய் நீட்டினால் கடைக்காரன் சேலையைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டான். மயிலைத் திருப்பிப் போடு, நிறத்தை மாற்று, பக்கத்தில் ரெண்டு கொடியை ஓட்டு. இருபது வருஷம் இப்படியே பிழைத்த மனுஷன்.

மகள் லாவண்யா ஒன்பது வயதாகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலூரில் ஒரு டாக்டர் ஆட்டிசம் என்று பெயர் சொல்லி, மருந்து கிடையாது, பழக்கித்தான் கொண்டுவர வேண்டும் என்று அனுப்பிவிட்டார். எப்படிப் பழக்குவது என்று யாரைப் போய்க் கேட்பது? பசித்தாலும் கையைக் கடிப்பாள், வயிறு வலித்தாலும் கையைக் கடிப்பாள். பக்கத்து வீட்டு விசைத்தறி ஓட ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் மோதுவாள். அம்மா குணசுந்தரி சோறு ஊட்டிப் பார்ப்பாள், தண்ணீர் கொடுத்துப் பார்ப்பாள், கடைசியில் தானும் உட்கார்ந்து அழுவாள்.

ஆனால் கம்ப்யூட்டர் என்றால் லாவண்யாவுக்கு உயிர். ஒரு பட்டனைத் தட்டித் தட்டி, திரையில் கட்டம் நிறம் மாறுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். குப்புராஜுக்கு அதில் ஒரு யோசனை பிறந்தது. பஜாரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய சிவகுமாரைப் பிடித்து ஒரு புரோகிராம் எழுத வைத்தார். பழைய கீபோர்டு ஒன்றில் ஆறு பட்டனை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் பிடுங்கினார். ஆறின்மேலும் ஆறு நிறத்தில் பட்டுத் துண்டு ஒட்டினார். அமுக்கினால் குணசுந்தரியின் குரலில் கம்ப்யூட்டர் பேசும்: பசிக்குது, தண்ணி, வெளியே, சத்தம், போதும், வலிக்குது.

எட்டு மாசம் தினமும் விரலைப் பிடித்து அமுக்கிக் காட்டினார்கள். ஒரு காலையில் பக்கத்து வீட்டுத் தறி ஓட ஆரம்பித்ததும் லாவண்யா சுவரில் மோதவில்லை. நேராகப் போய் பச்சைத் துண்டை அமுக்கினாள். "சத்தம்" என்றது கம்ப்யூட்டர். குப்புராஜ் ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டுத் தறியை நிறுத்தச் சொன்னார். அதன்பிறகு ஒரு வருஷம் அந்த வீட்டில் நிம்மதி. பல் வலியைக்கூடச் சொன்னாள் அந்தப் பெண்.

அதோடு விட்டிருக்கலாம். விடுவாரா? 2004-ல் தீபாவளி வேலை முடிந்து கை சும்மா இருந்தது. பட்டுத் துண்டுகள் அழுக்கேறி நைந்திருந்தன. ஆறு வார்த்தையை எத்தனை நாளைக்கு வைத்து ஓட்டுவது? பன்னிரண்டாக்கலாம், படம் போடலாம், நிறத்தை மாற்றலாம், வரிசையையும் ஒழுங்குபடுத்தலாம்.

"அதான் நல்லா ஓடிகினு இருக்குதே. எதுக்குங்க அதுல கைய வைக்கிறீங்க?" என்றாள் குணசுந்தரி.

பிள்ளைக்குப் புதுசாக ஒன்று வேண்டாமா என்று சிரித்தபடியே பழைய துண்டுகளைச் சுரண்டிக் குப்பையில் போட்டார். பிடுங்கிய பட்டனில் ஆறைத் திரும்ப மாட்டி, புரோகிராமையும் மாற்ற வைத்து, பன்னிரண்டுக்கும் புதுப் படம் வரைந்து ஒட்டினார். வாழ்நாளில் அவர் அத்தனை அழகாக எதையும் வரைந்ததில்லை, பாவம்.

லாவண்யா உட்கார்ந்தாள். விரலை வைத்தாள், எடுத்தாள். பிறகு வீடே அதிரக் கத்தினாள். குப்புராஜ் பதறிப்போய் அன்றைக்கே புது பட்டன்களைப் பிடுங்கி, பழைய புரோகிராமைப் போட்டு, அதே ஆறு நிறத்தில் பட்டு தேடி ஒட்டினார். கண்ணுக்கு எல்லாம் அதேதான். ஆனால் இத்தனை நாளாகத் தடவித் தடவி மெத்தென்று ஆன துணி போய், மொடமொடவென்று புதுத் துணி. அவள் விரல் அதை ஏற்கவில்லை. அந்த மேசைப் பக்கமே வருவதை விட்டுவிட்டாள்.

ஒரு மாசம் கழித்து, காதைப் பொத்துவதும் சுவரில் மோதுவதும் நாள் முழுக்க என்றாகிவிட்டது. தறிச் சத்தம் பிடிக்கவில்லை, நம்மேலும் கோபம் போலிருக்கிறது என்று பெற்றவர்கள் நினைத்தார்கள். ஜன்னலை அடைத்தார்கள், தறிக்காரரிடம் கெஞ்சினார்கள். கரண்ட் போய்த் தறி நின்றிருந்த நேரத்திலும் அவள் இடது காதைப் பொத்திக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பத்தாம் நாள் தலையணையில் சீழும் ரத்தமும் இருந்தன.

வேலூர் காது டாக்டர் லைட் அடித்துப் பார்த்தார். உள்ளே சீழ் கட்டி செவிப்பறை கிழிந்துவிட்டது என்றார். பெரியவர்களே ஒரு நாள் பொறுக்க முடியாத வலி, பத்து நாளாகப் பிள்ளை ஒன்றுமே சொல்லவில்லையா என்று கேட்டார்.

குணசுந்தரி கணவரைப் பார்க்கவில்லை. பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சொல்ற பொண்ணுதாங்க," என்றார் குப்புராஜ். "அது வாய நான்தாங்க புடுங்கிட்டேன்."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளியே கூட்டம் காத்திருந்தது. மருந்துச் சீட்டை எழுதி நீட்டினார். தினமும் வலி குறைகிறதா என்று பிள்ளையைக் கேளுங்கள், குறையவில்லை என்று சொன்னால் உடனே கூட்டிவாருங்கள் என்றார். குப்புராஜ் சரி என்று தலையாட்டினார்.