எலிக்கு வந்த மருந்து

சென்ற நவம்பர் 12, காலை 7.40, புதுச்சேரியில் விடாத தூறல். நிணநீர்ப் புற்றுநோய்க்காக என் மனைவிக்கு அன்று நான்காவது முறை மருந்து ஏற்ற வேண்டும். அப்போது, ஒரே மாத்திரையில் அந்நோய் குணமாகும் என்ற செய்தியைப் பாரிசிலிருந்து மகன் அனுப்பினான். ‘இனி ஊசி வேண்டாம், மாத்திரைக்குக் காத்திருப்போம்’ என்று நோயாளிக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். உடனே பிலோமினா அழைத்தார். அவர் கணவருக்கும் இதே நோய்.

“அண்ணே, கடைசி வரைக்கும் படிச்சீங்களா? எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க. நாளத் தள்ளினா அக்காவுக்குத்தான் ஆபத்து.”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி செருப்பை மாட்டினாள். “எலி நல்லா இருக்கட்டும். நீங்க ஆட்டோவக் கூப்பிடுங்க.”

ஒன்பதரைக்கு மருந்து ஏறத் தொடங்கியது. இப்போதெல்லாம் எந்தச் செய்தியையும் முழுதும் படித்து, டாக்டரிடம் காட்டிக் கேட்கிறேன். குறித்த நாளை மட்டும் தள்ளுவதில்லை. அன்று மழையென்று ஆட்டோக்காரர் ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கேட்டார். ஆட்டோவுக்கு மொத்தம் இருநூற்று ஐம்பது ரூபாய்.