நன்றாகத் தூங்கியவர்களுக்கு மட்டும்

வரவேற்பு மேசையில் இருப்பவருக்குச் சம்பளம் கொடுப்பது இரண்டு வேலைகளுக்கு: சிரிப்பதற்கு, தூங்காமல் இருப்பதற்கு. சிரிப்பு பழகிவிடும். ஆனால் கற்பிட்டிப் பாதையில், கடலோடு சேர்ந்த களப்பைப் பார்த்த ஒரு கட்டடத்தில், பகல் சோற்றுக்குப் பிறகு கண்ணைத் திறந்து வைத்திருப்பது இருக்கிறதே, அது பெரிய பாடு. வங்கியிலோ டொக்டரின் கிளினிக்கிலோ ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கொட்டாவியை விழுங்கிக்கொண்டிருக்கிற என் இனத்தாரே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பட்டப்படிப்பை முடித்துவிட்டு அரசாங்க வேலைக்குக் காத்திருந்த காலத்தில், என் ஊரான கனமூலையிலிருந்து இரண்டு பஸ் மாறி நான் போய்வந்த இடம் ஒரு மனப்பயிற்சி நிலையம். எங்கோ வெளிநாட்டில் தொடங்கிய வழி. மனதுக்குள் கிடக்கிற பழைய நோவுகளை ஆசிரியைக்கு முன்னால் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல வேண்டும். அப்படியே படிப்படியாக ஏறினால் கடைசியில் மனம் துடைத்த கண்ணாடி மாதிரி ஆகிவிடுமாம். ஒவ்வொரு படிக்கும் கட்டணம் உண்டு. படி ஏற ஏறக் கட்டணமும் ஏறும். டொல்பின் பார்க்க வருகிற வெள்ளைக்காரரை நம்பித்தான் இங்கே திறந்தார்கள். அவர்கள் டொல்பினோடு திருப்திப்பட்டுப் போய்விட்டார்கள். விசாரிக்க வந்ததெல்லாம் எங்கள் சனம்தான்.

முதல் நாள் சும்மா

"சேர எவ்வளவு?" என்று கேட்டால் தொகையைச் சொல்லக் கூடாது. அது எனக்குப் போட்ட முதல் சட்டம். "முதல் நாள் இலவசம், வந்து கதைத்துப் பாருங்கள்" என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்டால் மறுபடி அதையே, இன்னும் கொஞ்சம் பல்லைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

வாசலில் ஹயருக்கு ஆள் வரக் காத்திருக்கும் த்ரீவீல்காரர் ஒருவர் தினமும் வந்து கேட்பார். அவருக்குச் சேருகிற எண்ணம் எதுவும் இல்லை. மதிய வெயிலில் களப்பு அசையாமல் கிடக்கும். தூரத்தில் காற்றாலைகள் தங்களுக்கே தூக்கம் வந்ததுபோல் சுற்றும். அந்த நேரத்தில் மனிதருக்கு யாரிடமாவது ஏதாவது கேட்க வேண்டும், அவ்வளவுதான். நானும் சளைக்காமல் "முதல் நாள் இலவசம்" என்பேன். ஒருநாள் அவர் சாவியைச் சுழற்றிக்கொண்டே சொன்னார்: "தங்கச்சி, முதல் நாள் சும்மா எண்டு சொல்ற கடைக்கு நான் ரெண்டாம் நாள் போறல்ல."

ஒரு வீட்டுக்கு ஒரு சந்தா

நளீம் நானா வெங்காயத் தோட்டக்காரர். முதல் படிக்குக் கட்டணம் கட்டிச் சேர்ந்த ஒரு சிலரில் ஒருவர். நாலைந்து நாள் ஒழுங்காக வந்து, சின்ன வயதில் கிணற்றில் விழுந்த பயத்தை எல்லாம் சொல்லி, முகம் தெளிந்து போனார். எங்களுக்கும் சந்தோஷம். பிறகு ஒருநாள் அவருக்குப் பதிலாக அவருடைய மச்சான் வந்தார். "நானாவுக்கு இண்டைக்கு மருந்தடிக்கிற வேலை. அவர் எதில விட்டாரு? நான் அதிலேருந்து சொல்றேன்" என்றார். அடுத்த நாள் நானாவின் மனைவி மகளையும் கூட்டிக்கொண்டு வந்தா. கிணற்றுக் கதையில் தாய்க்கும் மகளுக்கும் ஈடுபாடு இல்லை. இருவருக்கும் அவரவர் மாமியாரைப் பற்றித்தான் சொல்ல இருந்தது.

ஆசிரியை தலையைப் பிடித்துக்கொண்டா. பாவம், தூர தேசத்து மனுஷி. ஒரு ஆளின் மனதை ஒரு வீடே சேர்ந்து துடைக்க வரும் என்று அவவுக்குப் படிப்பித்த இடத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தனியாக வர வேண்டும், குடும்பத்தாரை அழைத்து வரக் கூடாது, கட்டணம் ஆளுக்கு ஆள் என்று நான்தான் நானாவிடம் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. அவர் கோபிக்கவில்லை. உண்மையிலேயே கவலைப்பட்டார். "மகள், எங்கட பள்ளிவாசல்ல வீட்டுக்கு ஒரு சந்தாதான். மௌத்தாப் போய் அடக்கினாக்கூட ஆளுக்கு ஒரு சந்தா கேக்கிறல்ல, மனசுக்கு மட்டும் ஏன் கேக்கிறீங்க?"

தூக்கம் என்ற தகுதி

பணம் இருந்தால் மட்டும் உள்ளே விட்டுவிட மாட்டோம். அதற்கும் ஒரு தகுதி உண்டு. வருகிறவர் முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும், வயிறாரச் சாப்பிட்டிருக்க வேண்டும், தூக்க மாத்திரை எதுவும் போட்டிருக்கக் கூடாது. களைத்த மனம் பின்னோக்கிப் போகாது என்பது ஆசிரியையின் கட்சி. வாசலில் ஒவ்வொருவரிடமும் நான் கேட்பேன். கொட்டாவி விட்டுக்கொண்டே "நல்லாத் தூங்கினேன்" என்பார்கள். நானும் கொட்டாவியோடு தலையாட்டி உள்ளே விடுவேன்.

ஹமீதா ராத்தா மட்டும் பொய் சொல்லவில்லை. கண்டக்குழியிலிருந்து வந்தா. போன வருஷம் கடல் கொந்தளிக்கும் கச்சான் காற்றுக் காலத்தில் அவவுடைய கணவர் போன படகு திரும்பி வரவில்லை. தேடினார்கள். ஆளும் இல்லை, பலகையும் இல்லை. அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. கிளினிக்கில் மருந்து எடுத்தா, தண்ணீர் ஓதிக் குடித்தா, ஒன்றும் கேட்கவில்லை. இந்த இடத்தில் மனதை அமைதியாக்குகிறார்கள் என்று யாரோ சொல்ல, உம்மா சீதனமாகக் கொடுத்த தென்னந்தோட்டத்தை விற்றாவது சேர்வது என்று முடிவெடுத்து வந்திருந்தா. அந்தத் தோட்டத்துத் தேங்காயில்தான் அவவுடைய அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. விற்க வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் என் வாயிலிருந்து வந்தது மேசைக்குரிய கேள்விதான்: நேற்று நன்றாகத் தூங்கினீர்களா? ராத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தா. "தூங்கினா நான் ஏன் தங்கச்சி இங்க வாறேன்?"

நினைப்பதற்குக் காசு

மறுநாளும் ராத்தா வந்தா. மறுநாளும் தூங்கியிருக்கவில்லை. திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால், யன்னலோரப் பிரம்புக் கதிரையில் உட்காரச் சொன்னேன். களப்புக் காற்று திரைச்சீலையைத் தூக்குவதும் விடுவதுமாக இருந்தது. நான் வாசலைப் பார்த்தபடி இருந்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பினால், ராத்தாவின் தலை சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து, சின்னப்பிள்ளை மாதிரி அப்படி ஒரு தூக்கம். பஸ் வந்து போனது. எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு ஐயா வந்தார். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து புத்தளத்தில் தங்கிவிட்ட ஓய்வுபெற்ற தபால் அதிபர். தூங்குகிற ராத்தாவைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நானும் அவரும் கிசுகிசுத்துத்தான் கதைத்தோம். பழைய நோவுகளை எல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்து ஒன்றும் விடாமல் சொல்ல வேண்டும் என்று நான் விளக்கினேன். அவர் களப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன ஞாபகம் வந்ததோ தெரியாது. பிறகு செருப்பைக் கீழே வைத்து மெதுவாக மாட்டினார். "பிள்ளை, மறக்கிறதுக்கு எண்டால் எவ்வளவும் தருவன், நினைக்கிறது எனக்கு வீட்டில சும்மாவே நடக்குது."

கதிரை

அதன் பிறகு ராத்தா தினமும் வந்தா. நான் கேட்பேன், இல்லை என்பா, கதிரையில் போய் உட்காருவா, தூங்குவா. எனக்கும் அது பழகிவிட்டது. அவ தூங்குகிற நேரம் தொலைபேசியைத் துணியால் மூடி வைப்பேன். அந்தக் கொஞ்ச நேரம் உலகமே களப்புத் தண்ணீருக்கு அடியில் இருப்பது போலிருக்கும். எனக்கு அந்த வேலையில் பிடித்த ஒரே நேரமும் அதுதான்.

கொழும்பிலிருந்து மேனேஜர் வந்த அன்று அது முடிவுக்கு வந்தது. சேராதவர்கள் வந்து தூங்க இது ரயில்வே ஸ்டேஷனா என்று என்மேல் பாய்ந்தார். காவல்காரர் குணே மாமா, சிலாபத்துப் பக்கத்து மனிதர், அவசரமாக உள்ளே வந்து, இந்த நோனா தென்னந்தோட்டத்தை விற்றுச் சேரப்போகிறா என்று சமாதானம் சொன்னார். நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். மேனேஜரின் முகம் அப்படியே மாறியது. "தூங்கிட்டாங்கதானே? அப்ப தகுதி வந்திட்டுது. எழும்பினதும் உள்ளே அனுப்புங்க" என்று போய்விட்டார். குணே மாமா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "மிஸ், இந்த இடத்தில உண்மையா வேலை செய்ற சாமான் அந்தக் கதிரை மட்டும்தானே?"

வெள்ளிக்கிழமை

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு புரோக்கர் தோட்டத்தைப் பார்க்க ஆள் கூட்டிவருவார் என்று ராத்தா காலையிலேயே சொல்லியிருந்தா. அவ தூங்கட்டும், நன்றாகத் தூங்கட்டும், புரோக்கர் வந்து ஆளைக் காணாமல் திரும்பிப் போகட்டும் என்று நான் மனதுக்குள் துஆக் கேட்டுக்கொண்டிருந்தேன். எழும்பினதும் சேராதீங்க என்று சொல்ல நாக்கு துடித்தது. அதற்குள் மேனேஜர் திரும்பி வந்து பக்கத்திலேயே நின்றார். எனக்கும் அந்தச் சம்பளம் வேண்டியிருந்தது.

ராத்தா கண் விழித்தா. மேனேஜர் குனிந்து, அம்மா இப்போது தகுதி வந்துவிட்டது, முன்பணம் கட்டினால் இன்றே உள்ளே போகலாம் என்றார். உள்ளே போனால் என்ன கிடைக்கும் என்று ராத்தா கேட்டா. மன அமைதி கிடைக்கும், நிம்மதியான தூக்கம் வரும் என்றார். ராத்தா கதிரையின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தா. "அது இப்ப வந்திச்சே." அது வெறும் அசதி என்றார் மேனேஜர். அப்போதுதான் நான், எப்படியோ தைரியம் வந்து, வீட்டில் வராத தூக்கம் இங்கே எப்படி ராத்தா வருகிறது என்று கேட்டேன்.

"எங்கட வாப்பாட காலத்திலேருந்து வீட்டுல ஒரு பழக்கம், தங்கச்சி. கடல்ல ஆள் இருந்தா வீட்டுல ஒரு ஆள் முழிச்சிருக்கணும். நானும் உம்மாவும் மாறி மாறி இருப்போம். உம்மா மௌத்தான பொறகு நான் மட்டும்தான். அவர் இன்னும் வரல்ல. இனிப் போதும், படு எண்டு எனக்கு ஆரும் சொல்லவும் இல்ல."

எனக்குக் கண் கலங்கி, எதிரே இருந்த வாசல் மங்கிப் போனது. ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு புரோக்கருக்குத் தொலைபேசி எடுத்து, தோட்டம் விற்கிற யோசனை இல்லை, வர வேண்டாம் என்றா. பிறகு மேசைக்கு வந்து, என் கையின்மேல் கையை வைத்தா. "இங்க நீங்க முழிச்சிக்கிட்டு வாசலப் பாத்துக்கிட்டு இருந்தீங்க, அதால நான் கொஞ்சம் கண்ண மூடினேன்."

நிலையம் பிறகு பூட்டப்பட்டது, நான் இப்போது மதுரங்குளியில் வேறொரு மேசைக்குப் பின்னால் இருக்கிறேன், ஆனால் வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் கண்டக்குழிக்குப் போய், ராத்தா தூங்கி எழும்பும்வரை கடலைப் பார்த்தபடி கொட்டாவியை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் இந்தத் தொழிலில் நான் ஏறிய ஒரே படி.