பட்டினி எலியும் மெழுகு அக்காவும்

கண்ணாடித் துண்டைப் பார்த்தே, செத்த எலி கடைசியாக வயிறாரச் சாப்பிட்டதா இல்லையா என்று மெழுகு அக்கா சொல்லிவிடுவாள் என்பது அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் உலவும் வதந்தி. தின்றது கோதுமையா சோளமா என்றுகூடச் சொல்வாள் என்று லிஃப்ட்காரர் சத்தியம் செய்கிறார். லிஃப்ட்காரர் எதற்கும் சத்தியம் செய்வார். ஆகவே விசாரிக்க வேண்டியதாயிற்று.

கோதுமையும் சோளமும் சுத்தப் புளுகு. மற்றது உண்மை.

திசுவை மெழுகில் புதைத்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டிச் சாயமேற்றிக் கொடுப்பது அக்காவின் வேலை. நுண்ணோக்கியில் பார்ப்பது படித்தவர்கள் வேலை. சாயம் பிடித்திருக்கிறதா என்று பார்க்கும் சாக்கில் பதினெட்டு வருடமாக அக்காவும் பார்த்துவந்தாள். கல்லீரலை மட்டும் கேட்டாலும், அதே எலியின் கணையத்தில் ஒரு துணுக்கைச் சேர்த்தே புதைப்பாள். கேட்டால், "துணைக்கு இருக்கட்டுமே" என்பாள்.

கல்லீரல் செல்கள் சேமித்த சர்க்கரையைப் புது மருந்து காலிசெய்கிறது என்று பேராசிரியை கண்டுபிடித்திருந்தார். மருந்து தின்ற எலிகளின் கல்லீரல் வெளிறிக் கிடந்தது; மற்றவற்றில் சர்க்கரை சாயம் பிடித்து அடர்ந்த ரோஜா நிறம். இரண்டு வருட உழைப்பு. வெள்ளிக்கிழமை கட்டுரை போக வேண்டும். புதன்கிழமை அக்கா கதவோரம் வந்து நின்றாள்.

"மேடம், இந்த மருந்து எலிங்க சாப்பிடவே இல்ல."

"யாரு சொன்னா? எலியா?"

"கணையம் சொல்லுது. சாப்பிட்டிருந்தா அந்த செல்லுங்க சுரப்பையெல்லாம் குடலுக்கு அனுப்பிட்டு ஓய்ஞ்சு போயிருக்கும். இங்க பாருங்க, அனுப்பாத சுரப்பு மணிமணியா நெரிஞ்சு கிடக்கு. சாப்பாடு வருதான்னு காத்துக்கிட்டு இருந்திருக்கு."

"கணையத்த யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல மேடம்."

பேராசிரியை நுண்ணோக்கியில் குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆனது. நிமிர்ந்ததும் நேரே எலிக்கூடத்துக்கு நடந்தார். அக்கா பின்னாலேயே போனாள்.

"மருந்து கலந்த தீனியா?" என்றார் எலிக்கூடத்துக்காரர். "மோந்து பாத்துட்டுத் திரும்பிப் படுத்துக்கும். எவ்வளவு மிச்சம்னு யாரும் கேக்கலையே."

பேராசிரியை அந்தத் தீனியில் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். கடுங்கசப்பு. கல்லீரலைக் காலிசெய்தது மருந்தல்ல, பசி.

வெள்ளிக்கிழமை கட்டுரை போகவில்லை. பெரிய மனிதர்கள் இந்த இடத்தில் கணையத் துணுக்கைக் குப்பையில் போடுவது வழக்கம். இவர் போடவில்லை. எல்லா எலிக்கும் வயிறாரத் தீனி, மருந்தோ குழாய் வழியாக நேரே வயிற்றுக்கு என்று மறுபடி தொடங்கினார். முடிவில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அக்கா தொண்ணூறு கண்ணாடிகளுக்குத் திசு சீவினாள்.

"எலி சாப்பிட்டுச்சான்னு இவ்வளவு கவலப்படுற. நான் சாப்பிட்டனான்னு ஒரு வார்த்த கேட்டியா?" என்றார் அக்காவின் வீட்டுக்காரர்.

"உங்கள வெட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றாள் அக்கா.

தொண்ணூறிலும் அடர்ந்த ரோஜா நிறம். மருந்து ஒன்றும் செய்யவில்லை. 'ஒன்றும் செய்யவில்லை' என்றே பேராசிரியை எழுதி, தலை நிமிர்ந்து கையெழுத்துப் போட்டார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு ஈடாக அக்காவுக்கு மூன்று நாள் விடுப்பு வர வேண்டும். இரண்டு வந்துவிட்டது. மூன்றாவதைக் கேட்டால் அலுவலகத்தில், "பாக்கலாம்" என்கிறார்கள்.