கடலை மேலே வைத்து வரைந்த படம்

எண்ணூரில் எங்கள் குப்பத்தில் வழி கேட்டால் வடக்கு, தெற்கு என்று யாரும் சொல்லமாட்டோம். கடலைப் பார்த்து நில், இடது கைப் பக்கம் போ, அவ்வளவுதான். அதனால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

கொசஸ்தலை ஆறு கடலில் சேருமுன் அகன்று கிடக்கும் தண்ணீரைப் பகுதி பகுதியாகப் பிரித்திருக்கிறோம். இன்ன நாளில் இன்ன குடும்பம் இன்ன இடத்தில் வலை போடலாம் என்பது ஊர் முறை. கரையோரம் முன்பு உப்பளங்கள் இருந்தன. அவை போய்க் குழாய்கள் வந்தன, பிறகு மேற்கே அனல் மின் நிலையத்துச் சாம்பல் மேடு. இறால் நன்றாக விழுவது இப்போது ஒரே இடத்தில்தான். அதைத் தூர்த்து லாரி ரோடு போடப்போகிறார்கள் என்று கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அது போனால் எங்கள் வீட்டுக்காரர் தொழிலை விட வேண்டியதுதான். தாலுகா ஆபீசில் மனு கொடுத்தோம்.

"தண்ணி எங்கே இருக்குன்னு வரைஞ்சு குடுங்க, நேர்ல வந்து பாக்கறோம்" என்றார் நில அளவை அதிகாரி. என் கையெழுத்து அழகு என்ற திமிரில் நானே வரைந்தேன். கடலை மேலே வைத்து நீலம் தீட்டி, இறால் விழும் தண்ணீரை இடது பக்கம் குறித்தேன். கடல் என்று எழுதவில்லை. கடலைத் தெரியாதவர்கூட இருப்பார்களா என்ன?

வந்தவர் படத்தின் மேல்பக்கம் வடக்கு என்று நினைத்து, அங்கிருந்த நீலத்தை ஆறு என்று எடுத்துக்கொண்டார். எங்கள் கடலோ கிழக்கே. படத்தில் இடது பக்கம் இருந்ததைத் தேடி மேற்கே நடந்து, நேராகச் சாம்பல் மேட்டில் போய் நின்றார்.

"இங்க ஏதும்மா தண்ணி?"

எனக்குக் கோபம் வந்தது. படத்தைப் பார்க்கத் தெரியாதா என்று அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் பேனாவை மூடிக் கிளம்பத் தயாரானார். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். மெதுவாகப் படத்தை வாங்கினார்.

"சார், கடலப் பாத்து நில்லுங்க. இப்ப இதப் புடிங்க. தண்ணி இந்தாண்ட கீது."

அதிகாரி படத்தையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இடது கைப் பக்கம் எங்களோடு நடந்தார். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கியவருக்கு இடுப்புவரை நனைந்தது. கரையேறி, ஈரக் கையோடு 'நீர்நிலை, தூர்க்கக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அப்பாடா என்று சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வேறு வந்தது.

"இன்னாமே அழுவுற? நாளைக்கு நம்ம முறை. வூட்டுக்குப் போய் வலைய எட்த்து வை" என்றார் என் வீட்டுக்காரர்.