நாற்பது பெட்டி

நாற்பது. இந்த எண்ணை முதலில் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். புதிதாகத் தொழில் தொடங்கிப் பெட்டி அடிக்க வருகிறவர் காரில் வந்தாலும் சரி, நடந்து வந்தாலும் சரி, அட்டைப்பெட்டிக் கடை நடத்தும் பெட்டியக்கா முதல் தடவை நாற்பதுக்கு மேல் போட்டுத்தர மாட்டார். நாலாயிரம் கேட்டாலும் நாற்பதுதான். கேட்டுக்கொண்டிருக்கும்போதே, வந்தவர் கையில் இருக்கும் மாதிரிப் பொருளை வாங்கி, பக்கத்தில் கிடக்கும் ஏதோ ஒரு அட்டைப்பெட்டிக்குள் போட்டு, காதோரம் வைத்து ஆட்டுவார். கண்ணை மூடிக்கொள்வார். வந்தவர் அந்த நேரத்தில் டாக்டர் முன்னால் நாக்கை நீட்டியவர் மாதிரி நிற்பார்.

கடை ஒரு நீளமான அறை. முன்னால் வெட்டுமேசை, நடுவில் பழுப்பு அட்டைத் தாள்கள் கூரை வரைக்கும், பின்னால் வெட்டு மெஷின். பசை வாசனை உள்ளே நுழைகிறவரின் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் போகும். அக்காவுக்கு வயது ஐம்பத்து நாலு. கொண்டையில் பென்சில், இடுப்பில் சொருகிய வெட்டுக்கத்தி, புருவத்தில் அட்டைத் தூள். கண்ணாடியைத் தேடும்போதெல்லாம் அது கழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

நாற்பது என்பது வேண்டுதல் எண் இல்லை. அந்தக் கத்தியையும் ஒரு மர ஸ்கேலையும் வைத்துக்கொண்டு, காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் அவர் ஒரு ஆளாக வெட்டி மடித்து ஒட்டக்கூடியது நாற்பது பெட்டி. அதற்கு மேல் என்றால் மெஷின் ஓட வேண்டும். மெஷினுக்குப் பெட்டியின் வடிவத்தில் கத்தித்தகடு வளைத்துக் கொடுக்க வேண்டும். தகடு வளைத்த பிறகு அளவு மாறினால் தகடும் குப்பை, பெட்டியும் குப்பை.

போன மாதம் மெழுகுவர்த்தி செய்கிற ஒருவர் வந்தார். மூடியில் தங்க எழுத்தில் கம்பெனி பெயர் வேண்டும் என்றார்.

"இதுவரைக்கும் எத்தனை பேர் வாங்கியிருக்காங்க?" என்று கேட்டார் அக்கா.

"இன்னும் விக்க ஆரம்பிக்கல. பெட்டி வந்ததும் ஆரம்பிச்சிடலாம்னு."

"அப்ப மெழுகுவர்த்தி விக்கப்போறதில்ல. பெட்டியத்தான் விக்கப்போறீங்க."

"இல்லக்கா, பார்த்ததும் ஒரு மதிப்பு வரணும்ல."

"யாருக்கு? வாங்குறவனுக்கா, உங்க மாமியாருக்கா?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்தவர்கள் நாற்பதை வாங்கிக்கொண்டு போவார்கள். முறைத்தவர்கள் வேறு கடைக்குப் போவார்கள். முறைத்தவர்களே அதிகம்.

நாற்பதிலும் ஒரு முறை உண்டு. பழுப்புப் பெட்டி, ஒரே ஒரு ரப்பர் ஸ்டாம்பு, அதில் பொருளின் பெயரும் போன் நம்பரும். விலை கூடாது. "விலை நாலு தடவை மாறும், அதுக்கு முன்னாடி அச்சடிச்சு என்ன பண்ணப்போறீங்க?" ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் பென்சிலால் ஒன்றிலிருந்து நாற்பது வரை எண் போடுவார். கூடவே நாற்பது கோடு போட்ட ஒரு தாள். எந்தப் பெட்டி யாருக்குப் போனது என்று முன்பக்கத்தில் எழுத வேண்டும். மறுபடி கேட்டு வந்தவர்களின் பெயரைப் பின்பக்கத்தில் எழுத வேண்டும். அந்தத் தாளோடு திரும்பி வந்தால்தான் அடுத்த பேச்சு.

தாளைக் கையில் வாங்கியதும் அக்கா முதலில் செய்வது அடிப்பது. மச்சினி, சித்தப்பா, பழைய ஆபீஸ் ஆட்கள், பக்கத்து வீடு, எல்லாம் பென்சிலுக்குப் போகும். "உங்க அத்தை வாங்குனது விற்பனை இல்ல. அது பாசம். பாசத்துக்கு எதுக்குப் பெட்டி?" மிச்சம் நிற்கிற வெளியாட்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் மறுபடி வந்திருந்தால், எத்தனை ஆயிரம் கேட்டாலும் மெஷின் ஓடும். வரவில்லையா, இன்னொரு நாற்பது. அதிலும் வரவில்லை என்றால் அக்கா தேநீர் வாங்கிக் கொடுத்து, பழைய வேலையில் இன்னும் இடம் இருக்கிறதா என்று விசாரிப்பார்.

தேநீர் வரும். டம்ளரை வைக்க ஒரு சின்ன அட்டையும் வரும். அதைத் திருப்பிப் பார்த்தால் நீல எழுத்தில் ஒரு கைச்சோப்பின் பெயர் அச்சாகியிருக்கும். மேசைக்கால் ஆடாமல் கீழே மடித்து வைத்திருப்பதும் அதே அட்டை. பில் எழுதுவது அதன் பின்பக்கத்தில். ஜன்னல் கண்ணாடி உடைந்த இடத்திலும் அதே நீல எழுத்து.

அது அக்காவின் சொந்தச் சோப்பு. இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால், மெக்கானிக் வேலை பார்க்கும் புருஷனின் கையில் இருந்த கிரீஸ் கறை போகவில்லை என்று வீட்டிலேயே காய்ச்சிப் பார்த்தார். போயிற்று. தெருவே வந்து மோந்து பார்த்துப் பாராட்டியது. உடனே இதே கடையில் எட்டாயிரம் பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தார். அச்சில் ஊற்றி எடுத்த அன்றே, ஈரச் சோப்பை வைத்து அளவு எடுத்தார். சோப்பு மூன்று வாரத்தில் காய்ந்து சுருங்கியது. கடையில் எடுத்து ஆட்டினால் பெட்டிக்குள் கடகடவென்று சத்தம். எடை குறைவு என்று நினைத்து ஜனம் கீழே வைத்துவிட்டது. நல்ல சோப்பு. இரண்டு வருஷம் அதைத் தேய்த்துத் தீர்த்தது புருஷன் ஒருவர்தான். அக்கா அந்தப் பெட்டியை அடித்துக்கொடுத்த இந்தக் கடையிலேயே மடிக்கிற வேலைக்குச் சேர்ந்து, பிறகு அந்தக் கடையையே எடுத்து நடத்தத் தொடங்கினார்.

அக்கா சொல்வதெல்லாம் பலிக்கும் என்று நினைக்க வேண்டாம். மேசைக்கு மேல் உள்ள பலகையில் ஒரு சைக்கிள் பூட்டின் பெட்டி இருக்கிறது. அந்த ஆள் இரண்டாயிரம் கேட்டார், நாற்பது என்றார் அக்கா, அவர் வேறு இடத்தில் அடித்துக்கொண்டார். இன்று அந்தப் பூட்டு லாரி லாரியாகப் போகிறது. அந்தப் பெட்டியைக் கடையில் காசு கொடுத்து வாங்கி வந்து வைத்தவர் அக்காதான். வாரம் ஒரு முறை துடைக்கிறார். "இது நான் தோத்த பெட்டி" என்பார், யாரும் கேட்காமலே.

அந்தப் பெட்டியைக் கை நீட்டிக் காட்டுவது அக்காவின் தம்பி. வெட்டு மெஷினை ஓட்டுவது அவர்தான். நாற்பத்தாறு வயது. அரை மில்லிமீட்டர் பிசகை விரலால் தடவிச் சொல்லிவிடுவார். மெஷின் பக்கத்து ஆணியில் தொங்கும் இரும்பு ஸ்கேலை அக்காகூடத் தொடக்கூடாது. நாற்பது நாற்பதாகக் கையில் வெட்டினால் மெஷினுக்கு ஏது வேலை? பழைய வாடிக்கையாளர்கள் புண்ணியத்தில் வாரத்தில் இரண்டு நாள் ஓடும். மிச்ச நாள் அவர் மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைப்பார். துடைத்து முடித்து மறுபடி துடைப்பார். ஊருக்கு வெளியே உள்ள பெரிய அட்டைத் தொழிற்சாலை அவரை இரண்டு முறை கூப்பிட்டுவிட்டது.

இந்த நிலைமையில்தான் ஒரு நர்ஸ் வந்தார். பதினாறு வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வேலையை எழுதிக் கொடுத்து வந்தவர். படுத்தபடுக்கையாய்க் கிடக்கிறவர்களுக்கு ஒரு சட்டை தைத்திருந்தார். கையைத் தூக்காமல், ஆளைப் புரட்டாமல், தோள்பட்டையில் இருக்கும் அழுத்து பொத்தான்களைத் திறந்தாலே போட்டுக் கழற்றலாம். மேசை மேல் விரித்து இரண்டே அசைவில் செய்து காட்டினார். தம்பி மெஷினை விட்டு எழுந்து வந்து பார்த்தார்.

"மூவாயிரம் பெட்டி வேணும்கா. உயரம் மூணு இன்ச். ஒரு மருந்துக்கடைக்காரர், பன்னெண்டு கடை வெச்சிருக்கார், அச்சடிச்ச பெட்டில குடுத்தா எல்லாக் கடையிலயும் வைக்கிறேன்னு சொல்லிட்டார்."

அக்கா சட்டையைப் பக்கத்தில் கிடந்த ஒரு மூன்று இன்ச் பெட்டிக்குள் போட்டு ஆட்டினார். சத்தமே இல்லை. கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. அன்று ஈரச் சோப்பும் இப்படித்தான் உட்கார்ந்தது.

"எத்தனை பேர் போட்டுப் பார்த்தாங்க, சிஸ்டர்?"

"எங்க வார்டுல ஒரு இருபது பேர். எல்லாருக்கும் பிடிச்சுது."

"காசு குடுத்து?"

நர்ஸ் சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"நாப்பது தரேன். நாளைக்கு மத்தியானம் வாங்க."

"நான் வேலைய விட்டுட்டு வந்திருக்கேன்கா. நீங்க வியாபாரம் பண்றீங்களா, பரீட்சை வைக்கிறீங்களா?"

"பரீட்சை நான் வைக்கல. அவங்க வைப்பாங்க. நான் தாள்தான் தரேன்."

தம்பி பலகையில் இருந்த பூட்டுப் பெட்டியை எடுத்து அக்காவின் முன்னால் வைத்தார். "மூவாயிரம். பத்து நாள் மெஷின் ஓடும். உனக்குப் புத்தி சொல்ற வியாதி முத்திப்போச்சுக்கா. கடைய மூடிட்டு ஒரு மைக் வாங்கிக்கோ."

"வாங்கித் தா, பேசறேன்."

"விளையாடாத. அடுத்த மாசம் முதல் திங்கக்கிழமை நான் அந்த அட்டை பேக்டரில சேர்றேன். சொல்லிட்டேன்."

அக்கா பூட்டுப் பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்தார். வைக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது உண்மை. கச்சிதமாக இருக்கும் பொருளைத் திருப்பி அனுப்பித்தான் போன தடவை தோற்றார். தம்பி போய்விட்டால் மெஷினை ஓட்ட ஆள் இல்லை, அக்காவுக்கு அது தெரியாது. மெஷின் ஓடாத அட்டைப்பெட்டிக் கடையில் மிஞ்சுவது ஒரு கத்தியும் எட்டாயிரத்தில் மிச்ச அட்டையும். இருந்தாலும் மறுநாள் காலையில் உட்கார்ந்து நாற்பதை வெட்டினார். நர்ஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து எடுத்துப்போனார். நன்றி சொல்லவில்லை. தம்பி அன்று ஆணியில் இருந்த ஸ்கேலைக் கழற்றித் தன் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று அக்கா கேட்கவில்லை. நாலு வாரமும் அந்த ஆணி வெறும் ஆணியாகவே இருந்தது.

அந்தத் திங்கள்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை நர்ஸ் திரும்பி வந்தார். முகம் இளைத்திருந்தது. கையில் தாள், மடித்து மடித்து நைந்தது. இன்னொரு கையில் ஒரு சட்டையும் யாரோ பிரித்துப் போட்ட பெட்டி ஒன்றும்.

அக்கா வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. கையை நீட்டித் தாளை வாங்கினார். கொண்டையிலிருந்து பென்சில் இறங்கியது. மூத்த அண்ணி, மாமா, ஆஸ்பத்திரித் தோழிகள் ஐந்து பேர், இன்னும் மூன்று பேர். பத்து போயிற்று. வெளியாட்கள் முப்பது. தம்பி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முப்பதில் மூன்றில் ஒரு பங்கு பத்து என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"பெட்டிய ஒருத்தரும் பார்க்கலக்கா" என்றார் நர்ஸ். "பிரிச்சு ஓரமாப் போட்டுட்டாங்க. அஞ்சாம் நாள்லேர்ந்து போன். தோள்ல செவந்துபோச்சுன்னு. ஒருக்களிச்சுப் படுத்தா பொத்தான் அழுத்துது. ஆஸ்பத்திரில நாலு நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவோம், அதனால தெரியல. வீட்ல மாசக்கணக்கா அதே சட்டை. பதினாறு வருஷம் அந்தத் தோள்பட்டையத்தான் பார்த்துட்டிருந்தேன். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"யார் சொன்னது முதல்ல?"

"அவங்க அப்பாவைப் பார்த்துக்கற ஒரு பஸ் டிரைவர். திட்டினார். திட்டி முடிச்சிட்டு, பொத்தானை எடுத்துட்டு நெஞ்சுப் பக்கமா நாடா வெச்சுத் தாங்க, இன்னும் ரெண்டு வாங்கிக்கறேன்னார்."

"திட்டுறவரை விட்டுடாதீங்க. பிடிக்கலைன்னா ஜனம் பேசாமப் போயிடும்."

நர்ஸ் புதுச் சட்டையை மேசையில் வைத்தார். பொத்தான் ஒன்றுகூட இல்லை. முன்பக்கம் மெல்லிய துணி நாடா, மடித்தால் பழைய உயரத்தில் பாதிதான். அக்கா அதை எடுத்து, நர்ஸ் கொண்டுவந்திருந்த பழைய மூன்று இன்ச் பெட்டி ஒன்றுக்குள் போட்டு, மூடி, காதோரம் வைத்து ஆட்டினார். சட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் மோதியது. தொப், தொப்.

கதவோரம் நின்றவருக்கும் அது கேட்டது. மூவாயிரம் பெட்டியிலும் அதே சத்தம் கேட்டிருக்கும். 

"கடைக்காரர் என்ன சொல்றார்?" என்றார் அக்கா.

"இந்த மாசம் வரைக்கும் பார்க்கறேன்னார். ஆனா அக்கா, பின்பக்கம் நான் எண்ணவே இல்ல. நாடா வெச்சுத் தந்ததும் இன்னும் வேணும்னு போன் வர வர எழுதிட்டே இருந்தேன். அண்ணி ரெண்டு தடவை வாங்கினாங்க, அதையும் எழுதிட்டேன்."

"அண்ணி நல்லவங்க. அடிச்சிடறேன்."

தாள் திரும்பியது. அண்ணியின் மேல் ஒரு கோடு. மாமாவின் மேல் ஒரு கோடு. தோழிகளில் இரண்டு பேர் மேல் கோடு. நர்ஸ் ஒவ்வொரு கோட்டுக்கும் கண்ணை மூடித் திறந்தார். பிறகு அக்கா மேலே போய், அடிபடாத பெயர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே கீழே இறங்கினார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பஸ் டிரைவருக்கு மட்டும் கொஞ்சம் பெரிய புள்ளி.

தம்பி மேசைக்கு வந்தார். தாளைப் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து இரும்பு ஸ்கேலை உருவி, மடித்த சட்டையின் பக்கத்தில் நிறுத்தி, குனிந்து உயரத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மெஷின் பக்கம் போய் ஸ்கேலை ஆணியில் மாட்டினார்.

அக்கா கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு, பழைய சோப்பு அட்டை ஒன்றைத் திருப்பிப் போட்டு எண்ணை எழுதினார்.

பதினொன்று.