நாற்காலியை லத்தியால் அடித்தது

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தென்காசியில் என் முழங்கால் வீங்கும். ஊரெல்லாம் அருவிக்குக் கார் பிடிக்கிற மாதத்தில்தான் எனக்கு இரண்டு மூட்டிலும் ஆணி இறங்கும்.

போன சாரலில் கொல்லையிலுள்ள கக்கூசுக்குப் போகும்போது வழுக்கி விழுந்தேன். எலும்பு முறியவில்லை. ஆனால் அதற்கப்புறம் காய்ந்த தரைகூட எனக்கு ஈரமாகத் தெரிந்தது. மருமகள் தோளைப் பிடிக்காமல் கால் எழும்பாது.

டாக்டரம்மா மூட்டைத் திருகிப் பார்த்தாள். "தேய்மானம் இருக்கு ஆச்சி, ஆனா நடக்கலாம். பயந்து உக்காந்துட்டீங்கன்னா தொடைச் சதை கரைஞ்சிரும். அப்புறம் நெனச்சாலும் எந்திரிக்க முடியாது."

"பயத்துக்கு ஊசி இருக்காம்மா?" என்று கேட்டேன். சிரித்தாள். ஊசி மட்டும் போடவில்லை.

போலீசில் இருக்கும் என் மகன் வேறு வைத்தியம் கண்டுபிடித்தான். ஒரு சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்தவன், லத்தியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை என் கட்டிலோரம் வைத்தான். நடுவில் ஓட்டை, அடியில் வாளி.

"இனிமே நீ கொல்லைக்குப் போகாண்டாம். எல்லாம் இங்கனயே."

"சோறும் இதுலயாலே?"

"வெளயாடாதம்மா. நீ விழுந்தா யாரு தூக்குதது?"

எதிர்வீட்டுக்காரிக்கும் இப்படி ஒன்று வாங்கிப் போட்டார்கள். அன்றைக்கு உட்கார்ந்தவள், பிறகு வாசல் பக்கம் வரவே இல்லை. உட்கார்ந்தால் நானும் அவ்வளவுதான்.

லத்தியை எடுத்தேன். முதல் அடியில் கைப்பிடி தெறித்தது. அடுத்ததில் வாளி கட்டிலுக்கடியில் உருண்டது. விரல் மூட்டெல்லாம் எரிந்தது. எரிய எரிய அடித்தேன். தடுக்க வந்த மகனுக்கு முன்கையில் ஒன்று, காதோரம் ஒன்று. ரத்தம் சட்டைக் காலரில் இறங்கியது.

"ஏட்டி, அம்மயப் பிடிட்டி!" என்று பெண்டாட்டியைப் பார்த்துக் கத்தினான்.

அவள் அடுப்படி வாசலை விட்டு அசையவில்லை. "நீங்கதான போலீசு, நீங்களே பிடிங்க."

என் இரண்டு கையும் லத்தியில் இருந்தன. யாரையும் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தேன். அதைக் கவனித்த உடனே கண் கட்டிலைத் தேடியது. ஆனால் இப்போது உட்கார்ந்தால் நாளைக்கே இன்னொரு நாற்காலி வந்துவிடும். லத்தியை ஊன்றிக் கொல்லைக்கு நடந்தேன். சாரலில் தரை பளபளவென்று கிடந்தது. ஒரு கையால் காதில் துண்டைப் பொத்தி, நான் விழுந்தால் பிடிக்க மறு கையை ஏந்திக்கொண்டு அவன் பின்னாலேயே வந்தான்.

"என்னத் தொட்டியோ, மண்டையப் பொளந்துருவேன்."

"அதான் பொளந்துட்டியே!"

கதவைச் சாத்திக்கொண்டேன். உட்காரும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. குழாயைப் பிடித்து இழுத்தேன். தொடை கிடுகிடுவென்று ஆடியது.

"யம்மா, கதவ ஒடைக்கட்டா?"

"அங்கனயே நில்லுலே. இன்னும் முடியல."

முடிந்து வெகுநேரமாகியிருந்தது. லத்தியைச் சுவரோடு முட்டுக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் எக்கினேன்.