ஓக்லாள் வீட்டுச் சுவர்

ஓக்லாளுக்கு வாய் நீளம் என்று எங்கள் தெக்கோவா ஊரே சொல்லும். எதிர்வீட்டுக்காரி நான் சொல்கிறேன், கோளாறு அவள் புருஷன் யாமினின் காதில்தான். நல்ல மனுஷன், ஆனால் படு சோம்பேறி. கல்யாணமான நாள் முதல் அவள் கேட்டது ஒரே ஒரு ஜன்னல். "ஒலிவ அறுப்பு முடியட்டும்" என்பான். முடிந்தால் "மழை ஓயட்டும்" என்பான். பட்டப்பகலிலும் அவள் விளக்கோடுதான் மாவு பிசைந்தாள்.

ஒரு மழைக்காலம் கழிந்ததும் தெருப்பக்கச் சுவரின் உள்பக்கம் பச்சையாக ஒரு கீற்று, குழி விழுந்து தெரிந்தது. வேறொருத்தி என்றால் அழுதிருப்பாள். இவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எங்கள் வேதப்படி இப்படிக் கீற்று விழுந்தால் அது வீட்டுக்குப் பிடித்த குஷ்டம், தோஷம்; அது தீராவிட்டால் வீட்டையே இடிக்கச் சொல்வார், தீட்டா சுத்தமா என்று தீர்ப்புச் சொல்லும் ஆசாரியர். இடித்தால் புதிதாகக் கட்டித்தானே ஆகவேண்டும்!

ஆசாரியர் மல்கியாவிடம் ஓடினாள்.

"வீட்டுல தோஷம் வந்திருச்சுங்கய்யா!"

"நீயே தீர்ப்பு சொல்லிட்டா நான் எதுக்கு? தோஷம் மாதிரி இருக்குன்னு சொல்லணும்."

"மாதிரி இருக்குங்கய்யா. ரொம்பவே மாதிரி இருக்கு."

"சரி, நான் வர்றதுக்குள்ள சாமானையெல்லாம் வெளிய போடு. தீட்டுன்னு நான் சொல்லிட்டா உள்ள இருக்கிறதும் தீட்டு."

சட்டி, பானை, பாய், கடப்பாரை எல்லாம் தெருவுக்கு வந்தன. யாமினைக் கிளப்பத்தான் நானும் கை கொடுக்க வேண்டியிருந்தது.

உச்சிவெயிலில் மல்கியா வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையேம்மா."

ஓக்லாள் விளக்கை நீட்டினாள்.

"விளக்கு கூடாது. பகல் வெளிச்சத்துலதான் பாக்கணும்."

"வெளிச்சம் வர வழியேது? ஒரு ஓட்டை போடட்டுமா?"

"தோஷம் பாக்கறதுக்குன்னு ஓட்டை போடக்கூடாது. இருட்டு வீட்டுல தோஷம் பாக்கறதில்ல. வீடு சுத்தம்."

"பாத்தியாடி?" என்று யாமின் துள்ளினான். "ஜன்னல் இல்லாததுதான் வீட்டைக் காப்பாத்திச்சு!"

எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது. ஓக்லாள் கையிலிருந்த விளக்கை ஊதி அணைத்தாள்.

"ஐயா, வீடு சுத்தம்தானே?"

"சுத்தம்."

"அப்ப தோஷம்னு ஒண்ணு இல்ல?"

"நான் சொல்லாதவரைக்கும் இல்ல."

"அப்ப நான் இடிச்சா, அது தோஷம் பாக்கறதுக்காக இல்ல."

கடப்பாரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பச்சைக் கீற்று இருந்த இடத்திலேயே ஓங்கிப் போட்டாள்.

"ஐயா, சொல்லுங்கய்யா அவகிட்ட!" என்று அலறினான் யாமின்.

"என்னத்த சொல்ல? சுத்தமான வீடு, அவங்க சுவரு" என்று மல்கியா நடையைக் கட்டினார்.

கற்கள் தெருவில் விழுந்தன. ஓட்டை வழியாக ஓக்லாள் முகம் தெரிந்தது. அத்தனை வருஷத்தில் அவள் தன் வீட்டுக்குள் நிற்பதை நான் என் வாசலில் இருந்து பார்த்தது அன்றுதான். முகமெல்லாம் புழுதி, கண்ணெல்லாம் தண்ணீர்.

"என்னடி பாக்கறே? இன்னும் ரெண்டு கல்லு இருக்கு, வந்து புடி" என்றாள்.